மூலை நாற்காலியின் இடது கை

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் என் இடது கை என்னுடையது அல்ல, செத்துப்போன தங்கையாவுடையது என்று நான் நம்பினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படுக்கும்போது அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே போட்டுவிட்டுத்தான் தூங்குவேன். உள்ளே கூட்டிக்கொண்டு படுத்தால் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

என் பெயர் சுடலைமுத்து. சுடுகாட்டைக் காவல் காக்கிற சாமியின் பெயரை வைத்துக்கொண்டு பேய்க்குப் பயப்படுகிறவன் தாராவியிலேயே நான் ஒருவன்தான் என்று உடன் வேலை பார்த்த இசக்கி சொல்வான். அவன் சொன்னதில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் செம்பூரில் ஒரு சலூனில் போய் உட்கார்ந்தது. பாதி பிளேடை மாட்டி வேலை பார்த்துவிட்டு எறிந்துவிடுகிற கத்திதான் இப்போது எங்கும். கடைக்காரர் என்னை அறிந்தவர். என் தாடைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே, "அண்ணாச்சி, நீங்க ரெண்டு கையாலயும் சேவிங் பண்ணுவீகளாமே. சர்க்கஸ்ல கிர்க்கஸ்ல இருந்தீகளோ?" என்று கேட்டார்.

சர்க்கஸ் இல்லை. இட நெருக்கடி.

அறுபதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த சலூன், மாட்டுங்கா ஸ்டேஷனில் தாராவிப் பக்கம் இறங்கி நடந்தால் வரும். ஒரு குடோனை மூன்றாகத் தடுத்ததில் நடுத்துண்டு. அதற்குள் மூன்று நாற்காலிகள். முதலாவதில் முதலாளி வேலாயுதம், இரண்டாவதில் இசக்கி. மூன்றாவது, உள்மூலையில், சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டது. உட்காருகிறவரின் வலது தோள் சுவரில் உரசும். அந்தப் பக்கம் பூனை கூட நிற்க முடியாது. இடது பக்கம் நின்றுகொண்டு வலது கையால் வழித்தால், முழங்கை அவர் மூக்கில் இடிக்கும். ஆக, அந்த நாற்காலியில் வேலை செய்ய இடது கைக்காரன் வேண்டும். தங்கையா இடது கைக்காரன். அவனுக்காகத்தான் அந்த மூலையே உண்டானது. அவன் செத்த பிறகு நாற்காலி சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற எதையும் பம்பாய் பொறுத்துக்கொள்ளாது.

தொழில் கற்ற கதையில் எழுத ஒன்றுமில்லை. பானையை முகமாக வைத்துச் சோப்புப் போட்டேன், அடி வாங்கினேன், ரயில் ஏறினேன். இந்தக் கடையில் சேர வந்த அன்று முதலாளி ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. எதிரே இருந்த கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். அவர் யாரோடு பேசினாலும் கண்ணாடி வழியாகத்தான் பேசுவார். அதட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். ஒரே ஒரு தடவை தவிர, நான் அங்கே இருந்த காலம் முழுவதும் அவர் முகத்தை இடவலம் மாறித்தான் பார்த்திருக்கிறேன். பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் நேருக்கு நேர் பார்த்தபோது யாரோ என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினேன்.

"மூலைக்குப் போ" என்றார் கண்ணாடியில்.

"மொதலாளி, அது நொட்டாங்கைக்காரன் நாற்காலில்லா?"

"ஒனக்கு எத்தன கை இருக்கு?"

"ரெண்டு."

"பெறகென்ன? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். வரலைன்னா வேற ஆளு."

அவ்வளவுதான் பயிற்சி வகுப்பு. தங்கையாவின் கத்தியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மீசைக்குத் திரும்பிவிட்டார். இல்லை, திரும்பவில்லை. திரும்பியே இருந்தார்.

நான் சகலத்தையும் இடது கைக்கு மாற்றினேன். சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டேன். அதிலேயே பாதி காலை போயிற்று. டீயை இடது கையால் ஆற்றினேன். என் சொந்தக் காலில் சோப்புத் தடவி முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வழித்தேன். இரண்டு கால்களும் கீறலாகி, லுங்கியைத் தூக்கிக் கட்ட முடியாமல் அலைந்தேன். சாப்பாட்டையும் இடது கையால் பழகலாம் என்று நினைத்ததுதான் வம்பு. நான் சாப்பிட்ட மெஸ்ஸை நடத்திய அக்கா, குழம்புக் கரண்டியோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏல, சோத்தாங்கைக்கு என்ன கேடு?"

"பழகுதேன்க்கா."

"எந்தப் பேயி பழக்குது? எந்திரி. நாலு பேரு சாப்பிடுத எடம்."

என்னவோ கோபத்தில்தான் சொன்னாள். பேய் என்ற சொல் அங்கேதான் முதலில் விழுந்தது. இசக்கி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஒனக்கு விசயமே தெரியாதால?" என்றான் மறுநாள், கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே. "தங்கையா இங்கதான் செத்தான். இந்த நாற்காலில ஆளு உக்காந்திருக்கும்போதே."

"சும்மா கதை விடாத."

"மொதலாளிட்ட கேளு. செம்பூர்ல கெமிக்கல் கம்பெனில வேல பாக்காருல்லா, ஞானமுத்து அண்ணாச்சி, அவருக்கு வழிச்சிக்கிட்டு இருந்தான். பாதி மொகம் முடிஞ்சிது. கத்தியத் தொடச்சான், மடக்கினான், பலகைல வச்சான். செவத்தப் புடிச்சிக்கிட்டு அப்படியே கீழ உக்காந்தான். சத்தமே இல்ல. நானும் மொதலாளியும் இந்தப் பக்கம் வேலையா இருக்கோம், பாக்கல. அண்ணாச்சி கண்ண மூடிக்கிட்டுக் காத்துக்கிட்டே இருக்காரு. கொஞ்சம் கழிச்சி, 'என்ன தங்கையா, தூங்கிட்டியா?'ன்னு கேக்காரு. அப்பத்தான் திரும்பிப் பாக்கோம்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, பாதி மொகத்தோட எந்திரிச்சிப் போனாரு. அதுக்குப் பெறவு வரல."

நான் முதலாளியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர் மறுக்கவில்லை. "கத்திய மடக்கி வச்சிட்டுத்தான் போனான்" என்று மட்டும் சொன்னார். உயிர் போகிற நேரத்தில் ஒரு மனிதன் கத்தியைத் துடைத்து மடக்கி வைப்பானா? அந்தக் கத்திதான் இப்போது என் கையில் இருந்தது.

அதன் பிறகு மூலையில் நான் பார்த்தது எல்லாமே அவனாகத்தான் தெரிந்தது. நாற்காலிக்கு இடது பக்கம் சிமெண்டுத் தரையில் இரண்டு தேய்ந்த குழிகள். அவன் நின்ற இடம். நான் எங்கே நின்றாலும் கொஞ்ச நேரத்தில் என் பாதம் அதில் போய் உட்கார்ந்திருக்கும். அவன் கத்தி வலது கையில் பிடித்தால் கடித்தது, இடது கையில் பூனை மாதிரி படுத்துக்கொண்டது. அவனுடைய பழைய வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் பிரஷை வைத்ததும், "நேத்து மழை பாத்தியா தங்கையா?" என்பார்கள். கண்ணைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். மூடினால் மறுபடி தங்கையா. நான் திருத்துவதை விட்டுவிட்டேன். செத்தவனிடம் கேட்ட கேள்விக்கு உயிரோடு இருக்கிறவன் பதில் சொல்வது மரியாதை இல்லை என்று, "ம்" மட்டும் போட்டேன். அந்த "ம்" அசல் அவன் குரல் மாதிரியே இருப்பதாக இசக்கி சொன்னான். அன்றிலிருந்து அதையும் நிறுத்தினேன்.

மாட்டுங்கா ஆபீஸ்காரர் ஒருவர் மட்டும் புதிது. சோப்பு போட்டு முடித்து, கத்தியை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னப்பா இது, இடது கையால மூஞ்சியத் தொடறே?"

கத்தியைச் சோப்பில் படாமல் நிறுத்தினேன். முதலாளி தன் நாற்காலியிலிருந்து, கண்ணாடிக்குள் பார்த்தபடி, "சார், கண்ணாடியப் பாருங்க. வலது கைதான்" என்றார்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி" என்று தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் கத்தியைக் கன்னத்தில் வைத்தேன். வழிக்கும்போது நானும் கண்ணாடியைப் பார்த்துவிட்டேன். அங்கே நின்றவன் வலது கையால், பல வருஷம் பழகியவன் போல, அலட்டிக்கொள்ளாமல் வழித்துக்கொண்டிருந்தான். இங்கே நானோ வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

மாசக் கடைசியை நெருங்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய் எங்கள் ஆட்கள் முடி எடுக்க மாட்டார்கள். கடை திறந்திருக்கும், கூட்டம் இருக்காது. உச்சி வெயில். வெளியே லோக்கல் ரயில் போகும்போது மட்டும் கண்ணாடிகள் லேசாக அதிரும். வாசலில் ஒருவர் வந்து நின்றார். நெஞ்சு வரை இறங்காத, ஆனால் முகத்தை முழுக்க மறைத்த கருந்தாடி. கழுத்தில் சின்னச் சிலுவை. திடீரென்று அவர் தலை வலது பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது, யாரோ கூப்பிட்டது போல. நானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"வாங்க ஞானமுத்து" என்றார் முதலாளி கண்ணாடியில்.

எனக்குக் கால் குழிக்குள் இறங்கியது.

ஞானமுத்து அண்ணாச்சிக்குக் கழுத்து நரம்பில் ஏதோ கோளாறு. தலை நினைத்த நேரத்தில் வலது பக்கம் வெட்டி இழுக்கும். ஜனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துத்தான் வருவாராம். வலது பக்கம் நின்று வழிக்கிறவனுடைய கத்தி மேலேயே தலை வந்து விழும். அதனால் இடது கைக்காரன்தான் அவருக்குத் தோது.

"மொதலாளி, எனக்கு வேற வழி இல்ல" என்றார். "கம்பெனில புது உத்தரவு. கேஸ் மாஸ்க் போடாம யாரும் உள்ள போவக் கூடாது. தாடி இருந்தா மாஸ்க் ஒட்ட மாட்டேங்கு, காத்து போவுது. நாளைக்குக் காலைல ஆபீசர் மாட்டிப் பாப்பாரு. ஒட்டலைன்னா கேட்டுக்கு வெளியதான். வேல போனா கம்பெனி குடுத்த கோலி வீடும் போச்சு. மூணு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

"மெஷின் போட்டுப் பாத்தீகளா?"

"பாத்தாச்சு. கட்டை மயிரு நிக்குது, அதுலயும் காத்து போவுது. வீட்டுல அவ பிளேடு ரேசர வச்சிப் பாத்தா. ஒரு இழுப்புல கன்னம் கிழிஞ்சிட்டு. மாட்டேன்னுட்டா. மத்த கடையில என் தலை ஆடுததப் பாத்ததும் கத்திய மடக்கிருதான்."

முதலாளி கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். இசக்கி டீ குடிக்கப் போகிறேன் என்று வாசலைத் தாண்டி, அங்கேயே நின்றுகொண்டான்.

"தம்பி" என்றார் முதலாளி. கண்ணால் மூலையைக் காட்டினார்.

அண்ணாச்சி நேராக மூலைக்கு வந்து உட்கார்ந்தார். வலது தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். "எப்ப இழுக்கும்னு எனக்கே தெரியாது தம்பி. பாத்துச் செய்யி" என்று கண்ணை மூடினார்.

வேலையை எப்படிச் செய்தேன் என்று முறையாகவே சொல்கிறேன். முதலில் கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டினேன். வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு, ஆறியதும் இன்னொன்று. பிறகு பிரஷ். எவ்வளவு நேரம் நுரைக்க முடியுமோ அவ்வளவு நேரம் நுரைத்தேன். முடி மெத்தென்று ஆகட்டும் என்று ஒரு காரணம். கத்தியை எடுக்கிற நேரம் தள்ளிப்போகட்டும் என்பது இன்னொன்று. நுரை காய்ந்துவிட்டது. மறுபடி போட்டேன். வாசலிலிருந்து இசக்கி, "ஏல, குளிப்பாட்டுதியா, வழிக்கப் போறியா?" என்றான்.

கத்தியை வாரில் தீட்டினேன். வலது கையின் மூன்று விரல்களை அவருடைய இடது காதுக்குக் கீழே, பிடரிப் பக்கமாக வைத்துத் தலையை நிறுத்தித் தோலை மேல்நோக்கி இழுத்தேன். இடது கை கத்தியை இடது கன்னத்தின் கிருதாவில் வைத்தது. குறுங்கீற்றாக ஒன்று. இன்னொன்று. கத்தியைத் துடைத்தேன். மூன்றாவது கீற்றின் பாதியில் கத்தி கன்னத்தை விட்டு எழுந்தது.

நான் எழுப்பவில்லை. அது எழுந்தது. எழுந்த பிறகுதான் தலை வெட்டியது.

தலை திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது. கத்தி இறங்கியது. எனக்கு முதுகில் ஓடிய வேர்வை சில்லிட்டது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். தாடை ஓரத்தில் மறுபடியும். முதலில் கத்தி விலகிற்று, பின்னால் தலை இழுத்தது. மூன்றாம் முறையும் அதே. என் கைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தத் தலையின் சொந்தக்காரருக்கே தெரியாதது, எனக்கும் தெரியாதது, அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

நான் தைரியசாலி போல முகத்தை வைத்துக்கொண்டு வேண்டாத சாமி இல்லை. சுடலைமாடனைக் கூப்பிட்டேன். அண்ணாச்சியின் கழுத்தில் சிலுவை கிடந்ததால், இடம் அறிந்து மாதாவையும் கூப்பிட்டேன். தாராவி தர்கா ஞாபகம் வந்தது, அங்கேயும் ஒன்றைச் சொல்லிவைத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். அங்கே நின்றவன் வேர்க்காமல் வழித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணாடியப் பாக்காத" என்றார் முதலாளி. "மொகத்தப் பாரு."

இடது கன்னம் முடிந்தது. இடது தாடைக்கு அடியில் கழுத்து முடிந்தது. நாடியின் நடுக்குழிக்கு வந்தேன். கத்தி அங்கே தொட்டதும், மூடிய கண்ணோடு அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்.

"இங்கதான் விட்டான்."

நான் கத்தியை எடுத்துவிட்டேன். 

"என்ன அண்ணாச்சி?"

"தங்கையா. இது வரைக்கும் வந்தான். அடுத்த இழுப்புக்குக் கத்தி வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மீதிப் பாதியை முடிக்க அவன் வந்திருக்கிறான். கத்தியை மடக்கி வைத்துவிட்டுப் போனது, பிறகு வந்து எடுத்துக்கொள்ளத்தான். இனி இது என் வேலை அல்ல. நான் வெறும் தோள்பட்டை, அதிலிருந்து தொங்குகிற கை அவனுடையது. பயம் போய் ஒருவித பக்தி வந்தது. அதுதான் பயத்தைவிட ஆபத்து. வலது கழுத்தில், சுவர்ப் பக்கம், தொண்டைக்குழியை ஒட்டிக் கத்தி இறங்கும்போது, என் வலது கையை அவர் பிடரியிலிருந்து எடுத்து என் நெஞ்சில் கிடந்த தாயத்தைத் தொட்டேன். 'தங்கையா, நீயே முடிச்சிரு' என்று மனசுக்குள் சொன்னேன்.

தலை வெட்டியது. கத்தி எழவில்லை.

வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. பிறகு அது கோடாக இருக்கவில்லை. நான் கத்தியைத் தரையில் போட்டேன். என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. "ஐயோ அம்மா, கொன்னுட்டேன்" என்று ஸ்டேஷன் வரை கேட்கக் கத்தியதாக இசக்கி பின்னால் சொன்னான். வெட்டுப்பட்டவர் கத்தவில்லை. வெட்டியவன்தான் கத்தினேன்.

முதலாளி வந்தார். முதல் தடவையாகக் கண்ணாடியை விட்டு நேராக வந்தார். காயத்தில் துண்டை வைத்து அழுத்தினார், எடுத்துப் பார்த்தார், படிகாரக் கல்லை நனைத்து வைத்தார். அண்ணாச்சி பல்லைக் கடித்தார்.

"ஆழமா?" என்றார்.

"தோலுதான்" என்றார் முதலாளி. "மேல போட்டுருக்கான்."

"அப்போ முடிங்க. பாதி மொகத்தோட இன்னொரு தடவை எந்திரிச்சிப் போவ மாட்டேன்."

"என்னால முடியாது மொதலாளி" என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதலாளி தரையில் கிடந்த கத்தியை எடுத்துக் கழுவி, விளிம்பைப் பார்த்து, வாரில் நாலு இழுப்பு இழுத்து என்னிடம் நீட்டினார். "வலது கைய ஏன் எடுத்த?" என்றார்.

"அது சும்மாதானே இருந்துச்சு."

"வச்சிப் பாரு."

மறுபடி மூன்று விரல்களை இடது காதுக்குக் கீழே வைத்தேன். கத்தியைத் தோலில் படாமல், ஒரு விரல்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காத்திருந்தேன். என் நடுவிரலுக்கு அடியில், பிடரி நரம்பு ஒன்று கயிறு போல இறுகியது. இறுகியதும் இடது கை பின்வாங்கியது. அதற்கு அப்புறம் தலை வெட்டியது. இன்னொரு முறையும் பார்த்தேன். இறுகியது, கை விலகியது, தலை வெட்டியது. கண்ணாடிக்குள் பார்க்கவே இல்லை.

தொண்டைக்குழியிலிருந்து வலது காது வரை வழித்து முடித்தேன். காயத்தைச் சுற்றி மட்டும் ஓரம் கட்டிப் போனேன். கடைசிக் கீற்றுக்குப் பிறகு அண்ணாச்சி இரண்டு கன்னங்களையும் தடவிப் பார்த்தார். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து, "ஒம் பேரென்ன தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதும் தலை ஒரு வெட்டு வெட்டியது.

அந்த மூலையில் நான் பதினேழு வருஷம் வேலை பார்த்தேன். அதற்குள் எத்தனையோ கழுத்துகள். ஆனால் அன்று நடந்தது இவ்வளவுதான்: வலது கைக்காரனுக்கு வலது கைதான் கூர்மை. கத்தியை இடது கைக்கு மாற்றியதும் அந்தக் கூர்மை எங்கேயும் போய்விடவில்லை. தோலைப் பிடித்துக்கொண்டு நரம்பை உணர்ந்தது, இடது கை அதற்குக் கீழ்ப்படிந்தது. என் வலது கை செய்த வேலையை நான் செத்தவன் கணக்கில் எழுதினேன். கையை எடுத்தேன், வெட்டினேன்.

புதன்கிழமை காலை செம்பூரில் ஆபீசர், ஞானமுத்து அண்ணாச்சியின் முகத்தில் மாஸ்க்கை மாட்டி, குழாய் வாயை உள்ளங்கையால் பொத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். ரப்பர் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. காற்று போகவில்லை. அவரை உள்ளே விட்டார்கள்.